துப்பாக்கி கெட்டுப்போச்சா?

(அறிவியல் பக்கம் – எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



இந்த மாத இதழுக்கு அறிவியல் பக்கத்தில் யார் என்ன எழுதப் போறீங்க என்று டீச்சர் கேட்டபோது, நான் செல்போன் கேமில் வரும் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "ஏட்டி, ஒனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சோலி?" என்று ஒருத்தன் கேட்டான். "அவ எழுதட்டும். தப்பா இருந்தா அடுத்த மாசம் நீ எழுது" என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். அதனால் தப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

எனக்கு இந்த யோசனை வந்ததே எங்க பெரியம்மா மகனால்தான். அண்ணன் விசைத்தறிக்குப் போகிறான். ராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து பிஜிஎம்ஐ விளையாடுவான். ஒருநாள் போனைப் படியில் வைத்துவிட்டு ஒரே புலம்பல். "அப்டேட் விட்டு துப்பாக்கியக் கெடுத்துட்டானுவ. வச்ச எடத்துல ஒரு குண்டு விழமாட்டேங்கு." அவன் கூட்டாளி ஒருத்தன், "800 ரூவாக்கி ஒரு ஸ்கின் வாங்கிப் போடுல, குறி அப்படியே நிக்கும்" என்று சொல்லியிருக்கான். 800 ரூபாய் என்றால் அண்ணனுக்கு ரெண்டு நாள் கூலி. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் பெரிய சண்டையே வரும்.

துப்பாக்கி நிஜமாகவே கெட்டதா? 800 ரூபாய் கொடுத்தால் சரியாகுமா? இந்த ரெண்டு கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தெரியாதவர்களுக்காக. பப்ஜி மொபைல் என்ற விளையாட்டு 2018-ல் வந்தது. 100 பேர் ஒரு தீவில் இறங்கி, கிடைக்கும் துப்பாக்கியை எடுத்துச் சண்டை போட்டு, கடைசியில் நிற்பவர் ஜெயிக்க வேண்டும். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதையே பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று இந்தியாவுக்குத் தனியாகக் கொண்டுவந்தது. அதன் சுருக்கம்தான் பிஜிஎம்ஐ. 2022 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள், 2023 மே மாதக் கடைசியில் திரும்ப வந்தது. அப்படித் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் விளையாடலாம் என்று விதி போட்டார்கள். எனக்கு அந்த விதி தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனை அண்ணன் கொடுத்தாலே பெரிய விஷயம்.

இப்போது குறிக்கு வருவோம். நம்ம ஊர் ஆடித்தபசுக்கு வரும் பலூன் கடையை எல்லோருக்கும் தெரியும். ஒரு பலகையில் பலூனாகக் கட்டி வைத்து, நீளமான துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். நான் சிவப்பு பலூனைப் பார்த்துச் சுட்டால் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் உடையும். எங்க மாமா முதல் ரெண்டு குண்டை வீணாக்கிப் பார்ப்பார். எந்தப் பக்கம் இழுக்குது என்று தெரிந்ததும், அரை சாண் இடப்பக்கம் தள்ளிக் குறிவைப்பார். அப்புறம் வரிசையாக டப்பு டப்பென்று உடையும். கடைக்காரர் மூஞ்சியைப் பார்க்கணுமே!

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. குறி தப்புவதில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, எப்போதும் ஒரே பக்கமாகத் தப்புவது. பலூன் துப்பாக்கி அந்த ரகம். எவ்வளவு தப்புது என்று கண்டுபிடித்துவிட்டால் நாம் திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே, ஒரு தடவை பக்கத்தில் என்று சிதறித் தப்புவது. இதை எந்த மாமாவாலும் திருத்த முடியாது.

கேம் துப்பாக்கியிலும் இந்த ரெண்டும் இருக்கிறது. ஆனால் அங்கே இரும்புக் குழாய் இல்லை, வெடிமருந்து இல்லை. எல்லாமே எண்தான். யாரோ ஒரு என்ஜினீயர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கிக்கு இவ்வளவு சிதறல், இவ்வளவு உதைப்பு என்று எண் கொடுத்து வைத்திருப்பார். அப்டேட் என்பது அந்த எண்ணை மாற்றுவது. ஒரு எண்ணை அழித்து வேறு எண் எழுதினால், அடுத்த நாள் காலையில் கோடிக்கணக்கான போனில் குறி மாறிவிடும்.

சிதறலை முதலில் பார்ப்போம். ஸ்கோப் திறக்காமல் சுடும்போது திரையின் நடுவில் நாலு சின்னக் கோடு தெரியும். அதைச் சுற்றி ஒரு வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஒரு இடத்தை எடுக்கும். ஓடிக்கொண்டே சுட்டால் கோடுகள் விலகும், அதாவது வட்டம் பெரிசாகும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ சுருங்கும். நம்ம கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு பாடம் இருக்குதே, அதுதான் இது.

இதை நாங்கள் செய்தே பார்த்தோம். பி.டி. டீச்சரிடம் அனுமதி வாங்கி, பள்ளிக்கூடத்தின் பின் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டோம். துணியைப் பந்தாகச் சுருட்டித் தண்ணீரில் முக்கி எறிந்தோம். ஈரம் பட்ட இடம் தெளிவாகத் தெரியும். 5 எட்டுத் தூரத்தில் இருந்து 20 தடவை எறிந்ததில் 12 வட்டத்துக்குள் விழுந்தது. 10 எட்டுத் தூரத்தில் இருந்து 20 எறிந்ததில் 3 தான். தூரம் ரெண்டு மடங்கு ஆனால் பாதியாவது விழணும் என்றுதான் நான் நினைத்தேன். ஏன் கால்வாசியாகக் குறைந்தது? தூரம் ரெண்டு மடங்கானால் சிதறல் வட்டத்தின் ஆரமும் ரெண்டு மடங்காகிறது. ஆரம் ரெண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு. நாலு மடங்கு பரப்பில் அதே 20 எறி பரவினால் நம்ம தட்டுக்கு வருவது கால் பங்கு. (பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும். வரைந்தவள் என் தோழி. தட்டை முட்டை மாதிரி வரைந்துவிட்டாள், மன்னிக்கவும்.) ரொம்பப் பக்கத்தில் நின்றால் இந்தக் கணக்கு வராது. அங்கே சிதறல் வட்டம் தட்டை விடச் சின்னது, எல்லாமே உள்ளேதான் விழும்.

ஷாட்கன் பக்கத்தில் எமனாகவும் தூரத்தில் சும்மா சத்தமாகவும் இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். ஒரே சுடுதலில் பல சின்னக் குண்டுகள் பிரிந்து போகின்றன. தூரம் கூடக் கூட ஒன்றிரண்டுதான் படும்.

அடுத்தது உதைப்பு. துப்பாக்கி சுட்டால் குழாய் மேலே எழும்பும். கேமிலும் தொடர்ந்து சுட்டால் குறி மேலே மேலே ஏறும். இது பலூன் துப்பாக்கி ரகம். அதாவது பழகலாம். விரலால் திரையைக் கீழே இழுத்துக்கொண்டே சுடணும். சிலர் போனையே சாய்த்துக் குறியை நிறுத்துவார்கள், அதற்கு ஜைரோ என்று பெயர். ஏகேஎம் துப்பாக்கிக்கு அடி அதிகம், ஆனால் உதைப்பும் அதிகம். எம்416-க்கு அடி கொஞ்சம் குறைவு. ஆனால் அதில் முன்கைப்பிடி, பின்கட்டை எல்லாம் மாட்டி உதைப்பைக் குறைக்கலாம். ஏகேஎம்மில் அந்த ரெண்டும் மாட்ட முடியாது. இது யாரோ மறந்துபோய் விட்டது இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஏன் வேண்டுமென்றே? இங்கே ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நானாக வைத்தது, எந்த கேமிலும் இருந்து எடுத்தது இல்லை. எதிராளிக்கு உயிர் 100. துப்பாக்கி 'அ' ஒரு குண்டுக்கு 50 அடி, நொடிக்கு 10 குண்டு. துப்பாக்கி 'ஆ' ஒரு குண்டுக்கு 40 அடி, நொடிக்கு 12 குண்டு.

பக்கத்தில் நின்று எல்லாக் குண்டும் பட்டால், 'அ'-வுக்கு 2 குண்டு போதும். முதல் குண்டு உடனே போய்விடும், ரெண்டாவது 0.1 நொடியில். 'ஆ'-வுக்கு 3 குண்டு வேணும், மூணாவது குண்டு போக சுமார் 0.17 நொடி. 'அ' ஜெயிக்கும்.

தூரத்தில் 'அ' உதைத்துக்கொண்டு ரெண்டில் ஒன்றுதான் படுகிறது, 'ஆ' நாலில் மூணு படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ரெண்டுக்குமே 4 குண்டு சுடணும். 'அ'-வின் நாலாவது குண்டுக்கு 0.3 நொடி, 'ஆ'-வுக்கு 0.25 நொடி. 'ஆ' ஜெயிக்கும். இப்படிப் பக்கத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இருந்தால்தான் எதை எடுக்கலாம் என்று யோசிக்கணும். யோசிக்க வேலை இருந்தால்தான் அது விளையாட்டு.

இப்போது வேடிக்கை. அப்டேட்டில் 'அ'-வின் அடியை 50-ல் இருந்து 49 ஆக்குகிறார்கள். ஒன்றே ஒன்றுதானே என்று தோணும். ஆனால் 49-ஐ ரெண்டால் பெருக்கினால் 98. ஆள் சாகமாட்டான்! மூணாவது குண்டு வேணும். 0.1 நொடி 0.2 ஆகிவிட்டது. பக்கத்துச் சண்டையிலும் 'அ' தோற்கும். அதே சமயம் 'ஆ'-வின் அடியை 40-ல் இருந்து 34 வரை குறைத்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் 34-ஐ மூணால் பெருக்கினால் 102. ஆறு குறைத்தும் அதே 3 குண்டுதான். ஒரு எண் குறைத்தால் தலைகீழ், ஆறு எண் குறைத்தால் அசையவில்லை. எதிராளி கவசம் போட்டிருந்தால் கணக்கு இன்னும் மாறும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எண்ணைக் குறைக்காமலும் சமன் செய்யலாம். ஏடபிள்யூஎம் என்ற துப்பாக்கி பிஜிஎம்ஐ-யில் தலையில் பட்டால் எந்த ஹெல்மெட்டையும் மதிக்காது. அதைச் சும்மா வீட்டுக்குள் போட்டு வைத்தால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். அதனால் விமானத்தில் இருந்து விழும் பெட்டியில் வைக்கிறார்கள். பெட்டியை எடுக்கப் போனால் நாலு பக்கமும் ஆள் காத்திருப்பான்.

கணக்கு தப்பியதும் உண்டு. கவுண்டர் ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் கேமில் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கணும், கேம் காசுதான். அதில் 4750 கொடுத்தால்தான் ஏடபிள்யூபி என்ற தூரத் துப்பாக்கி கிடைக்கும். 2015 டிசம்பரில் ஆர்8 ரிவால்வர் என்று புதுசாக ஒன்றை 850-க்கு விட்டார்கள். பார்த்தால் அது ஒரே குண்டில் ஆளைச் சாய்க்குது! எல்லோரும் அதையே வாங்கினார்கள். சில நாட்களிலேயே அதன் பலத்தைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஓடும் பப்ஜியிலும் 2018 மே மாதம் துப்பாக்கிகளை மொத்தமாக மாற்றினார்கள். எல்லோரும் ரைஃபிளையே தூக்கிக்கொண்டு அலையாமல், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வேலை இருக்கணும் என்பதுதான் காரணம்.

இது கேமில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஈட்டி எறிதல் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார். மைதானத்தையே தாண்டிவிடும் போல ஆகிவிட்டது. ஈட்டி படுக்கையாக விழுந்து, எங்கே குத்தியது என்ற தகராறும் இருந்தது. அதனால் 1986-ல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டார்கள். மூக்கு சீக்கிரம் கீழே சாயும், தூரம் குறையும். சாதனைப் பட்டியலையும் புதுசாக ஆரம்பித்தார்கள். 2021-ல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியது இந்த மாற்றிய ஈட்டியில்தான். 1999-ல் பெண்கள் ஈட்டியையும் மாற்றினார்கள். ஒரு ஆயுதத்துக்கு வந்த அப்டேட் என்று இதைச் சொல்லலாம்தானே? கிரிக்கெட்டிலும் 2017 அக்டோபரில் இருந்து மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று விதி வந்தது.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறும் எண். ஈட்டி மாறினால் எல்லோருக்கும் மாறியது. ஆனால் காசு கொடுத்தவருக்கு மட்டும் மாறினால்?

அண்ணனின் 800 ரூபாய் இங்கேதான் வருகிறது. பிஜிஎம்ஐ-யில் ஸ்கின் என்பது பெயிண்ட் மாதிரி. துப்பாக்கி தங்க நிறத்தில் மின்னும், பூப் போட்டிருக்கும், அவ்வளவுதான். குண்டு போகும் இடம் மாறாது. அண்ணன் கூட்டாளி அப்படிச் சொன்னதற்குக் காரணம் அவன் விளையாடுவது ஃப்ரீ ஃபயர். அதில் ஸ்கின்னுக்குப் பக்கத்திலேயே அடி கூடும், தூரம் கூடும், குண்டு நிரப்பும் வேகம் குறையும் என்கிற மாதிரி எழுதியிருக்கும். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும்படி வைப்பார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டப்பந்தயத்தில் காசு கொடுத்தவனை மட்டும் ரெண்டு எட்டு முன்னால் நிற்க வைத்தால் நாம சும்மா இருப்போமா? ஒரு கேமில் உள்ளதை இன்னொரு கேமிலும் இருக்கும் என்று நம்பித்தான் அண்ணன் ஏமாறப் பார்த்தான்.

சரி, அப்படியென்றால் அண்ணனுக்கு ஏன் குறி நிற்கவில்லை? இதற்கு நாங்கள் ஒரு சோதனை செய்தோம். பிஜிஎம்ஐ-யில் பயிற்சி மைதானம் உண்டு, அங்கே யாரும் நம்மைக் கொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புதுப் போனையும் வாங்கி, ரெண்டு போனிலும் அதே எம்416, ஒன்றுமே மாட்டாமல், அதே தூரத்தில் இருந்து, விரலைக் கீழே இழுக்காமல் சுவரைப் பார்த்துச் சுட்டோம். ரெண்டு சுவரிலும் ஓட்டைகள் ஒரே மாதிரி மேலே ஏறிப் போயிருந்தன. துப்பாக்கி ரெண்டு போனிலும் ஒன்றுதான்.

அப்புறம் விரலை இழுத்துக்கொண்டு சுட்டோம். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. அக்கா போனில் விரல் போன பக்கம் குறி உடனே போனது. அண்ணன் போனில் திரை விட்டு விட்டு நகர்ந்தது. நொடிக்கு 60 படம் காட்டும் போனில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 0.017 நொடிதான் இடைவெளி. போன் திணறி நொடிக்கு 20 படம் காட்டினால் 0.05 நொடி. நொடிக்கு 10 குண்டு போகும் துப்பாக்கியில், ஒரு குண்டுக்கு 2 படம்தான் பார்க்கக் கிடைக்கும். குறி ஏறுவதைக் கண் பார்த்து, விரல் இழுப்பதற்குள் குண்டு மேலே போய்விடுகிறது. இது போக நெட் வேறு. மேலே மூலையில் பிங் 200 என்று சிவப்பாகக் காட்டினால் சேதி போய் வர 0.2 நொடி ஆகிறது என்று அர்த்தம். நாம போட்ட கணக்கில் 'அ'-வும் 'ஆ'-வும் அடித்துக்கொண்டது வெறும் 0.05 நொடி, 0.07 நொடி வித்தியாசத்துக்காகத்தான். பிங்கே 0.2 என்றால் எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?

பப்ஜி மொபைலைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு, மவுஸ் வைத்து விளையாடுபவர்களைத் தனியாகப் பிரித்து அவர்களுக்குள்ளேயே மோதவிடுகிறார்கள். மவுஸும் விரலும் சமம் இல்லை என்று ஒத்துக்கொண்டதால்தானே? ஆனால் 8000 ரூபாய் போனும் 80000 ரூபாய் போனும் ஒரே தீவில்தான் இறங்குகிறது. துப்பாக்கியை ஒவ்வொரு புள்ளியாகச் சமன் செய்கிறார்கள், போனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நம்ம ஊர்ப் பையன்கள் தோற்றால் உடனே எதிராளியை "ஹேக்கரு" என்று திட்டுவதும், கூட்டாளியோடு பேசாமல் இருப்பதும் பாதி இதனால்தான் என்பது என் கருத்து.

அண்ணன் போனைத் திருப்பிப் பார்த்தபோது பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. போன் சூடானால், சூடு இன்னும் ஏறாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். உப்பின பேட்டரியோடு விளையாடியது ஆபத்து என்று பெரியம்மா முன்னாலேயே சொல்லிவிட்டார். அப்புறம் வீட்டில் நடந்ததை எழுத இங்கே இடம் இல்லை. ஸ்கின்னுக்கு வைத்திருந்த 800 ரூபாய் பேட்டரிக்குப் போனது, மீதிக்கு அல்வா வாங்கினோம்.

அண்ணன் இப்பவும் தோற்கத்தான் செய்கிறான். ஆனால் அப்டேட்டைத் திட்டுவதில்லை. அன்றைக்கு அவனே, "எம்416 இல்லட்டி, என் பெருவிரல்தான் சரியில்ல" என்றான்.

பின் சுவரில் போட்ட சாக்பீஸ் வட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. துணிப்பந்து பி.டி. டீச்சரிடம் இருக்கிறது. 5 எட்டு, 10 எட்டு, முடிந்தால் 15 எட்டிலும் இருபது இருபது தடவை எறிந்து, எத்தனை விழுந்தது என்று இந்தத் தாளுக்குக் கீழே தொங்கும் நோட்டில் எழுதுங்கள். பேர் எழுதணும் என்று இல்லை, வகுப்பு மட்டும் போதும். 15 எட்டுக்கு ஒன்பதில் ஒரு பங்கு வரணும் என்று என் கணக்கு சொல்கிறது. வரவில்லை என்றால் அடுத்த மாதம் பின் பெஞ்ச் எழுதட்டும்.